குழாய்க்குள் பாயும் வண்டியைத் தள்ளுவது எது? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் அறிவியல் பேசப் போனால், ஹைப்பர்லூப் பற்றி ஒருவராவது கேட்காமல் விடுவதில்லை. பெரும்பாலான கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றுகின்றன: சக்கரமும் இல்லை, என்ஜினும் இல்லை, அப்புறம் எது தள்ளுகிறது? அவற்றைத் தொகுத்து, கேட்டவர்களின் தொனி மாறாமல், பதிலோடு தருகிறேன். டிக்கெட் விலை, நிலம் கையகப்படுத்தல் போன்றவற்றுக்கு இங்கே பதில் கிடையாது.

ஹைப்பர்லூப் என்றால் என்ன? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

காற்றைப் பெருமளவு வெளியேற்றிய நீண்ட குழாய். அதற்குள் தரையைத் தொடாமல் மிதந்தபடி, விமான வேகத்தில் ஓடும் பெட்டி. ஈலோன் மஸ்க் 2013 ஆகஸ்டில் வெளியிட்ட திட்ட வரைவால் இந்தப் பெயர் பரவியது. ஆனால் காற்றில்லாக் குழாயில் ரயில் ஓட்டும் எண்ணம் அவருக்கு நூறாண்டு மூத்தது.

காற்றை உறிஞ்சுகிறோம் அல்லவா? அந்த உறிஞ்சலே பெட்டியை இழுத்துக்கொண்டு போகாதா?

போகாது. பெட்டியின் முன்னால் அழுத்தம் குறைவாகவும் பின்னால் அதிகமாகவும் இருந்தால்தான் காற்று தள்ளும். இங்கே முன்னாலும் பின்னாலும் ஒரே அளவுக்குக் காற்றை எடுத்துவிடுகிறோம். தள்ளுவதற்கு ஆள் இல்லை.

கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய பொறியாளர்களே அந்த வழியில் போய்ப் பார்த்தவர்கள்தான். இங்கிலாந்தில் இசம்பார்ட் புரூனல் 1847-இல் ஓட்டிய ரயில் காற்றழுத்தத்தால் ஓடியது. தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு குழாய், அதற்குள் ஒரு பிஸ்டன். முன்பக்கக் காற்றை நீராவிப் பம்புகள் இழுக்க, பின்பக்கக் காற்று பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனை மேலே உள்ள ரயிலோடு இணைக்கக் குழாயின் உச்சி நெடுகப் பிளவு விட வேண்டியிருந்தது. காற்று புகாமல் அதைத் தோல் பட்டையால் மூடினார்கள். மிருகக் கொழுப்புத் தடவிய அந்தத் தோல் வெயிலிலும் குளிரிலும் விறைத்து, கிழிந்து, காற்றை விட்டது. ஓராண்டில், 1848-இல், கடையைக் கட்டினார்கள். எலிகள் கொழுப்பைத் தின்றதால்தான் திட்டம் படுத்தது என்று ஒரு கதை உண்டு. எலி வராவிட்டாலும் அந்தத் தோல் பிழைத்திருக்காது.

1870-இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் பீச் தெருவுக்கு அடியில் சுரங்கம் வெட்டி, பெரிய விசிறியால் ஒரு பெட்டியை ஊதித் தள்ளிக் காட்டினார். நூறு மீட்டர்கூட வராத தூரம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது, போக்குவரத்து வரவில்லை.

இன்றைய குழாய் இவற்றின் வாரிசு போலத் தெரியும். வேலை நேர் எதிரானது: அன்று காற்று வேலைக்காரன், இன்று காற்று இடைஞ்சல்.

காற்றை எடுப்பதில் அப்படி என்ன லாபம்?

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும்; அதை எதிர்த்து ஓடத் தேவையான திறன் எட்டு மடங்காகும்.

ஒரு மாதிரிக் கணக்கு. நான்கு சதுர மீட்டர் முகப்புள்ள, நன்றாகக் கூர்ப்பிக்கப்பட்ட ஒரு பெட்டி திறந்த வெளியில் விநாடிக்கு 300 மீட்டர், அதாவது மணிக்கு 1,080 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், காற்றை விலக்க மட்டுமே ஏறத்தாழ 19 மெகாவாட் வேண்டும். மஸ்க்கின் வரைவில் குழாய்க்குள் அழுத்தம் 100 பாஸ்கல். கடல் மட்டக் காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்போது அதே பெட்டிக்குச் சுமார் 20 கிலோவாட் போதும். குழாய்ச் சுவர் நெருக்கமாக இருப்பதால் உண்மையில் இதைவிடக் கூடும். ஆனாலும் மெகாவாட் கிலோவாட்டாகச் சுருங்குகிறது என்பதுதான் சங்கதி.

சரி, பெட்டியைத் தள்ளுவது எது?

லீனியர் மோட்டார் என்கிற நேர்கோட்டு மோட்டார்.

உங்கள் கிணற்று மோட்டாரைக் கழற்றிப் பார்த்திருந்தால் பாதிப் பாடம் முடிந்தது. வெளியே வட்டமாகச் செப்புக் கம்பிச் சுருள்கள். உள்ளே ஒரு உருளை. சுருள்களில் மும்முனை மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் ஒரே இடத்தில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும்; உள்ளே இருக்கும் உருளை அதன் பின்னாலேயே சுழலும். அந்த வட்டத்தை ஓரிடத்தில் வெட்டி நீளமாக விரித்துவிடுங்கள். சுழன்ற காந்தப்புலம் இப்போது நேர்கோட்டில் ஓடும் அலையாகிவிடும். உருளை இருந்த இடத்தில் ஒரு தட்டு. அது அலையின் பின்னால் ஓடும். தொடாமல், உரசாமல், பல்சக்கரம் இல்லாமல். இங்கிலாந்தின் எரிக் லைத்வெயிட் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த மோட்டாருக்காகவே வாழ்ந்தவர் எனலாம்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கனடாவின் வான்கூவர் நகரில் 1985 இறுதி முதல் ஸ்கைட்ரெயின் இந்த மோட்டாரில் ஓடுகிறது. அங்கே பெட்டியின் எடையை இரும்புச் சக்கரங்கள் தாங்குகின்றன. தள்ளுவது மட்டும் காந்தம். மிதப்பது வேறு, முன்னேறுவது வேறு என்பதை இதில் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பலருக்கும் சிக்கல்.

அலுமினியத் தட்டு என்கிறார்கள். காந்தம் அலுமினியத்தில் ஒட்டவே ஒட்டாதே?

ஒட்டாது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். அலுமினியத்தின் மேல் காந்தப்புலம் நகர்ந்தால், தட்டுக்குள் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகும். மின்னோட்டம் இருந்தால் அதற்கென ஒரு காந்தப்புலமும் இருக்கும். நகரும் புலமும் இந்தப் புலமும் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளுவதே உந்துவிசை.

ஒரு நிபந்தனை: தட்டு அலையைவிடச் சற்று மெதுவாக ஓட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் போனால் தட்டைப் பொறுத்தவரை புலம் நகரவே இல்லை என்றாகிவிடும். மின்னோட்டம் இல்லை, விசையும் இல்லை. இப்படிப் பின்தங்கி ஓடுவது, தட்டில் மின்னோட்டத்தைத் தூண்டி ஓடும் இந்தத் தூண்டல் மோட்டாரின் பிறவிக் குணம். பின்தங்கும் அளவுக்கு மின்சாரம் வெப்பமாக வீணாகும்.

கம்பிச் சுருளைத் தரையில் வைப்பார்களா, பெட்டியிலா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இங்கேதான் பணமும் இருக்கிறது, சண்டையும் இருக்கிறது.

சுருளைப் பெட்டியில் வைத்தால் பாதை மலிவு. நெடுக ஒரு அலுமினியத் தட்டோ பட்டையோ போட்டால் போதும். ஆனால் மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை, விமான வேகத்தில் ஓடும் பெட்டிக்கு எப்படிக் கொடுப்பது? மேலே கம்பி கட்டி உரசவைக்கும் வேலை அந்த வேகத்தில் எளிதல்ல. பேட்டரி சுமக்கலாம், பேட்டரியின் எடையைச் சுமக்க இன்னும் பேட்டரி வேண்டும். மோட்டாரின் எடை, இன்வெர்ட்டரின் எடை, வெப்பம் எல்லாம் பயணிகளோடு ஏறிக்கொள்ளும்.

சுருளைத் தரையில் வைத்தால் பெட்டி இலகுவாகிவிடும். அதில் காந்தம் மட்டும் இருந்தால் போதும். ஆனால் 700 கிலோமீட்டர் பாதைக்கு 700 கிலோமீட்டரும் செப்போ அலுமினியமோ சுருளாகச் சுற்ற வேண்டும். அதற்கு மின்சாரம் தர வழிநெடுகத் துணைமின் நிலையங்கள் வேண்டும். ஷாங்காய் நகரில் 30 கிலோமீட்டர் தூரம் ஓடும் காந்த மிதவை ரயில் இந்த வகை. மணிக்கு 431 கிலோமீட்டர் வரை பயணிகளோடு ஓடியது. ஜப்பானில் 2015 ஏப்ரலில் 603 கிலோமீட்டர் தொட்ட ரயிலும் இந்த வகையே. அதில் பெட்டியில் இருப்பது திரவ ஹீலியத்தில் குளிரூட்டப்பட்ட, மின்தடையே இல்லாத மீக்கடத்திக் காந்தம். இந்த இரண்டிலும் பெட்டியின் காந்தம் அலையோடு பூட்டு போட்டதுபோல் ஒரே வேகத்தில் ஓடும், பின்தங்காது. அதனால் வீண் வெப்பமும் குறைவு.

மஸ்க்கின் வரைவு மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னது. குழாயில் காற்று எதிர்ப்பே அற்பம் என்றால் வழிநெடுக எதற்குத் தள்ள வேண்டும்? புறப்படும் இடத்திலும், நடுவில் வெகு சில இடங்களிலும் மட்டும் தரையில் சுருள் வைத்துத் தள்ளிவிட்டால், மீதித் தூரத்தைப் பெட்டி தன் வேகத்திலேயே கடந்துவிடும். அந்த வரைவில் உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான பகுதி இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் உந்துசுருள் இல்லாத இடத்தில் ஏதோ காரணத்தால் பெட்டி நின்றுவிட்டால் அதைத் தானாக நகர்த்த ஒரு சிறு மோட்டாரும் சக்கரமும் தேவைப்படும். அந்த வரைவிலும் அவசரச் சக்கரங்கள் உண்டு.

தூண்டல் மோட்டாருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கிணற்று மோட்டாரில் சுருளுக்கும் உருளைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மெல்லியது, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவு. நேர்கோட்டு மோட்டாரில் பெட்டி ஆடும், குலுங்கும். பத்து மில்லிமீட்டர் போல இடைவெளி விட்டே ஆக வேண்டும். இடைவெளி கூடக்கூட விசை குறையும். தவிர, சுருள் பெட்டியில் இருந்தால், அது அதிவேகத்தில் ஒவ்வொரு கணமும் புதிய தட்டின் மேல் நுழைகிறது. அந்த நுழைவாயிலில் உண்டாகும் மின்னோட்டங்கள் எதிர்த்திசையில் இழுக்கும். மெதுவாக ஓடும் நகர ரயிலில் இது பொருட்டல்ல. ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பொருட்டுதான்.

டிரைவர் உண்டா? வேகத்தை எதை வைத்துக் கூட்டுவார்கள்?

தரைச்சுருள் வகையில் வண்டிக்குள் ஆக்சிலரேட்டர் என்று ஒன்று தேவையில்லை. வேகம் தரையில் தீர்மானமாகிறது: மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை அது முன்னும் பின்னும் மாறுகிறது என்பதை, கூட்டினால் அலை வேகமாக ஓடும், பெட்டியும் ஓடும்.

அடுத்தடுத்த வட, தென் துருவங்களுக்கு இடையே அரை மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அப்படியே கொடுத்தால் அலை விநாடிக்கு 50 மீட்டர் ஓடும். மணிக்கு 180 கிலோமீட்டர். வந்தே பாரத் ரயிலின் வடிவமைப்பு வேகமும் 180 தான், ஆனால் அது தற்செயல். விநாடிக்கு 300 மீட்டர் வேண்டுமானால் 300 ஹெர்ட்ஸ் வேண்டும். மின்வாரியம் அதைத் தராது, இன்வெர்ட்டர் தரும். மின்வெட்டுக்காக வீட்டில் வைத்திருக்கிறீர்களே, அதன் பெரியண்ணன். நேர் மின்சாரத்தை வாங்கி, கேட்ட அதிர்வெண்ணில் மாறு மின்சாரமாக்கிக் கொடுக்கும். சுழியத்திலிருந்து மெல்ல மெல்ல அதிர்வெண்ணைக் கூட்டுவதுதான் ஓட்டுவது. பெட்டி இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பது சென்டிமீட்டர் சுத்தமாகத் தெரிய வேண்டும். இல்லையென்றால் அலை ஓரிடத்திலும் காந்தம் ஓரிடத்திலும் நிற்கும்.

மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதிக்கிறார்களே, அதில் ஒன்றைப் பொருத்தினால் என்ன?

ஓடும். ராக்கெட்டுக்குக் காற்று வேண்டாம். ஆனால் அது கக்கும் வாயு குழாயையே நிரப்பிவிடும். பம்பு வைத்து இத்தனை பாடுபட்டு எடுத்த வெற்றிடம் ஒரே ஓட்டத்தில் பாழ். ஜெட் என்ஜினுக்கோ உறிஞ்சவே காற்று இல்லை.

மஸ்க்கின் படத்தில் பெட்டியின் மூக்கில் ஒரு விசிறி இருந்ததே?

அது தள்ளுவதற்கு அல்ல. மிச்சமிருக்கும் கொஞ்சம் காற்றும் வேகமாக ஓடும் பெட்டிக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே புகுந்து போக இடமில்லாமல் முன்னால் குவிந்துவிடும். இதற்குக் காண்ட்ரோவிட்ஸ் எல்லை என்று பெயர். குவியும் காற்றை உறிஞ்சி, அழுத்தி, பின்னால் அனுப்பவும், அதில் கொஞ்சத்தைக் கீழே ஊதிப் பெட்டியை மிதக்கவிடவுமே அந்த அமுக்கி. அதற்குப் பின் வந்தவர்களில் பெரும்பாலோர் காற்று மிதவையைக் கைவிட்டுக் காந்த மிதவைக்குப் போய்விட்டார்கள்.

சக்கரம் போட்டாலே ஓடாதா?

ஓடும். மஸ்க்கின் ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய போட்டியில் 2019-இல் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்களின் பெட்டி குழாய்க்குள் மணிக்கு 463 கிலோமீட்டர் தொட்டது. அது மின்மோட்டாரால் சுழலும் சக்கரங்களில் ஓடியது! குழாய்க்கு வெளியே, பிரான்சில் இரும்புச் சக்கர ரயில் 2007 ஏப்ரலில் 574.8 கிலோமீட்டரை எட்டியது. சக்கரத்தால் முடியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சக்கரத்தின் உந்துவிசை பிடிப்பை நம்பி இருக்கிறது; தேய்மானமும் அதிர்வும் வேகத்தோடு ஏறுகின்றன. ஒருநாள் சாதனைக்குத் தாங்கும், தினசரி ஓட்டத்துக்குத் தாங்குவது கடினம்.

முப்பந்தல் காற்றாலைகள் போதுமா, சார்? இங்கேதான் காற்றுக்குப் பஞ்சமே இல்லையே!

மின்சாரத்தின் மொத்த அளவு உங்களை ஆச்சரியப்படுத்தும். 20 டன் பெட்டியை விநாடிக்கு 300 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, இழப்புகளைச் சேர்க்காமல், 250 யூனிட். ஒரு நடுத்தரக் குடும்பத்தின் இரண்டு மாதக் கணக்கு எழுதும் அட்டையில் பார்க்கக்கூடிய எண். நிறுத்தும்போது அதே மோட்டார் மின்னாக்கியாக மாறும். நல்ல பங்கு திரும்பி வரும்.

சிக்கல் வேறு இடத்தில். இந்த 250 யூனிட்டையும் ஐந்தே நிமிடத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் சீராக அல்ல. விசை மாறாமல் இருந்தாலும் வேகம் ஏற ஏறத் திறன் ஏறும். கடைசி நொடிகளில் 6 மெகாவாட். பெட்டி உச்ச வேகத்தைத் தொட்டதும் தேவை சட்டென்று விழுந்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒரு பெட்டி புறப்பட்டால் மின்கட்டமைப்பு ஏறி இறங்கி ஏறி இறங்கித் தவிக்கும். தென்மேற்குப் பருவத்தில் சுழன்று தள்ளிவிட்டு மற்ற மாதங்களில் சோம்பும் காற்றாலையை இதற்கு நேரடியாகக் கட்டிப்போட முடியாது. நடுவில் பேட்டரியோ வேறு சேமிப்போ வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு எத்தனை நிமிடம்?

இந்தக் கேள்வி வந்தாலே அரங்கம் சிரிக்கும். நான் சிரிப்பதில்லை, உந்துவிசையின் உண்மையான எல்லை இதில்தான் தெரிகிறது.

பயணிகள் முகம் சுளிக்காமல் தாங்கும் முடுக்கம், விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் வேகம் கூடுவது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 300 மீட்டர் வேகத்தை எட்ட ஐந்து நிமிடமும் 45 கிலோமீட்டரும் வேண்டும். நிறுத்த இன்னொரு 45. ஆக, 90 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணத்தில் முழு வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாகர்கோவில் முதல் கன்னியாகுமரி வரை சுமார் 20 கிலோமீட்டர். பாதி வழி தள்ளல், பாதி வழி பிடித்தல். நடுவில் ஒரு கணம் 510 கிலோமீட்டர் வேகம். மொத்தம் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சுசீந்திரத்திலும் கொட்டாரத்திலும் நிறுத்தச் சொன்னால் அதுவும் போயிற்று. திருநெல்வேலி, சுமார் 80 கிலோமீட்டர்: உச்சம் 1,018, ஒன்பதரை நிமிடம். சென்னைக்கு 700 கிலோமீட்டர் என்று கொண்டு, நடுவில் எங்கும் நிற்காமல் போனால் 44 நிமிடம். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கப்பட்ட நாகர்கோவில் வந்தே பாரத் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் எடுக்கிறது. ஆனால் அது மதுரைக்காரரையும் திருச்சிக்காரரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. குழாயில் ஒவ்வொரு நிறுத்தமும், ஏறி இறங்கும் நேரத்தைச் சேர்க்காமலேயே, ஐந்து நிமிடம் தின்னும்.

வளைவும் தொல்லைதான். அதே பத்தில் ஒரு பங்கு விசைக்கு மேல் பக்கவாட்டில் தள்ளக்கூடாது என்றால், முழு வேகத்தில் வளைவின் ஆரம் 90 கிலோமீட்டர் இருக்க வேண்டும். குழாயைச் சாய்த்து அமைத்தால் குறைக்கலாம்தான். ஆனாலும் இரணியல், குழித்துறை வழியாக வளைந்து நெளியும் ரயில் பாதையை ஒட்டி இதைப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால்?

நின்றுவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். பயப்பட வேண்டியது நிற்காமல் போவதற்கு. எதிர்க்கக் காற்று இல்லை, உரசத் தரை இல்லை. விட்டால் வெகுதூரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே, மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும் பிரேக் வேண்டும். நிலைகாந்தங்களை ஒரு உலோகப் பட்டைக்கு அருகே இறக்கினால் சுழல் மின்னோட்டம் இழுத்துப் பிடிக்கும். வேகம் தணிந்ததும் அந்தப் பிடி தளரும், கடைசியில் உராய்வுப் பிரேக் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

புவியீர்ப்பில் பாதியளவு விசையில், பெல்ட் போட்டிருந்தாலும் உடம்பு முன்னால் சாயும் அளவுக்கு, அவசரமாகப் பிடித்தாலும் முழு வேகத்திலிருந்து நிற்க ஒரு நிமிடமும் 9 கிலோமீட்டரும் ஆகும். மஸ்க்கின் வரைவில் நெரிசல் நேரத்தில் 30 விநாடிக்கு ஒரு பெட்டி. அந்த வேகத்தில் 30 விநாடி என்பதும் 9 கிலோமீட்டர்தான். முன்னால் போகும் பெட்டி திடீரென்று நின்றால் பின்னால் வருவதற்கு மிச்சமே இல்லை. இடைவெளியைக் கூட்டினால் ஏற்றிச் செல்லும் ஆட்களின் எண்ணிக்கை குறையும். என் கண்ணுக்கு ஹைப்பர்லூப்பின் பலவீனமான இடம் தள்ளுவதில் இல்லை, இங்கேதான்.

மோட்டார் சூடாகாதா?

சூடாகும். காற்று கிட்டத்தட்ட இல்லாததால் சூட்டை எடுத்துச் செல்லவும் ஆள் இல்லை. சுருள் தரையில் இருந்தால் குழாயின் உலோகம் வழியாக வெப்பம் வெளியே போகும். பெட்டியில் இருந்தால் பயணம் முடியும்வரை கூடவே சுமக்க வேண்டும்.

இப்போது எங்காவது ஓடுகிறதா?

டிக்கெட் வாங்கிப் போகும்படி உலகில் எங்கும் ஓடவில்லை. அமெரிக்காவில் வர்ஜின் ஹைப்பர்லூப் நிறுவனம் நெவாடா பாலைவனத்தில் 500 மீட்டர் குழாய் வைத்திருந்தது. 2020 நவம்பரில் இருவரை ஏற்றி மணிக்கு 172 கிலோமீட்டரில் ஓட்டியது. 2023 இறுதியில் மூடப்பட்டது. நெதர்லாந்தின் வீன்டாமில் 2024 முதல் 420 மீட்டர் சோதனைக் குழாய் இருக்கிறது.

நமக்குப் பக்கத்தில் என்றால், சென்னை ஐ.ஐ.டி.யின் தையூர் வளாகத்தில், ரயில்வே அமைச்சகத்தின் நிதியுதவியோடு, 400 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான குழாய் அமைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன மென்மையான முடுக்கத்தில் ஓட்டினால் அந்த நீளத்தில் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் போய்விட்டு நிற்க முடியாது. ஆளில்லாப் பெட்டியை முரட்டுத்தனமாகத் தள்ளலாம் என்பதால் வேகம் கூடும். எப்படியானாலும் குறுகிய குழாயில் சோதிப்பது மோட்டாரையும் மிதவையையும் வெற்றிடத்தையும்தான், வேகத்தை அல்ல. செய்தித்தாளில் வேகத்தை மட்டும் தேடுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வீட்டில் ஏதாவது செய்து பார்க்க முடியுமா? எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வேண்டும்.

முடியும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சாப்பாடு கட்டித் தரும் அலுமினியத் தட்டு ஒன்றை மிதக்கவிடுங்கள். வலுவான நியோடிமியம் காந்தத்தைத் தட்டுக்கு மிக அருகே, தொடாமல், ஒரே திசையில் மீண்டும் மீண்டும் வேகமாக வீசுங்கள். தட்டு மெல்ல அந்தத் திசையில் நகரத் தொடங்கும். காற்று தள்ளியதாக யாராவது சந்தேகப்பட்டால், காந்தத்துக்குப் பதிலாக அதே அளவு மரத்துண்டைக் கையில் பிடித்து வீசிக் காட்டி ஒப்பிடுங்கள். பிரேக்குக்கு இன்னொன்று: தடித்த அலுமினியக் குழாயை நிமிர்த்திப் பிடித்து, அதற்குள் அந்தக் காந்தத்தைப் போடுங்கள். ஒட்டாத குழாய்க்குள் காந்தம் தயங்கித் தயங்கி இறங்கும்.

நியோடிமியம் காந்தத்தைச் சிறு பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும். அறுவைச் சிகிச்சை வரை போய்விடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கண்காட்சியில் அந்த மேசையிலிருந்து தள்ளி நிற்கட்டும்.